ராமேஸ்வரம் முதல் மணப்பாடு வரை: மன்னார் வளைகுடாக் கரை ஊர்களும் தீவுகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை உண்டு. அதில் எனக்கு மிக நெருக்கமானது பாம்பனில் தொடங்கி, கீழக்கரை, தூத்துக்குடி, திருச்செந்தூர் வழியாக மணப்பாட்டுக்குப் போகும் கரைதான். பெரும்பாலானோர் இதை இரண்டு கோயில்களாக மட்டும் பார்க்கிறார்கள். இரவு பஸ் ஏறி, ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடி, அடுத்த நாள் திருச்செந்தூரில் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஊர்களும், கரைக்கு எதிரே வரிசையாகக் கிடக்கும் தீவுகளும் கண்ணில் படாமலே போய்விடுகின்றன. இந்தப் பக்கம் வரப்போகிறோம் என்று சொல்லும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் அதற்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

தை, மாசி. அதாவது ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை. வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, கடலும் பெரும்பாலும் அடங்கி இருக்கும்.

மற்ற மாதங்களில் வரக் கூடாது என்றில்லை. ஆனால் காற்றைத் தெரிந்துகொண்டு வரவேண்டும். ராமேஸ்வரம் தீவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசும்போது வடக்குக் கடல் கொந்தளிக்கும், தெற்குக் கடல் அடங்கும். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும்போது நிலைமை தலைகீழாகும். தெற்குப் பக்கம் அலை எழும்பி, மணல் பறந்து கண்ணில் அடிக்கும். படகுச் சவாரியை நம்பி வருகிறவர்கள் இந்தக் காற்று மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. வந்து நின்ற பிறகு "இன்னிக்குக் காத்து சரியில்ல, படகு கிடையாது" என்று சொன்னால் அதுவே முடிவு. அதற்கு மேல் கெஞ்சுவதில் பயனில்லை.

நவம்பர், டிசம்பரில் வருகிறவர்கள் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். புயல் சின்னம் உருவானால் பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிடுவார்கள். தனுஷ்கோடிச் சாலையையும் மூடிவிடுவார்கள்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

நான்கு இரவுகள் இருந்தால் அவசரமில்லாமல் பார்க்கலாம். ராமேஸ்வரத்தில் இரண்டு இரவு, தூத்துக்குடியில் ஒன்று, திருச்செந்தூரில் ஒன்று. இரண்டே நாள்தான் இருக்கிறது என்றால் இந்தக் கரை முழுவதையும் ஓட்டிப் பார்க்க முயலாதீர்கள். ஒன்று ராமேஸ்வரம் பக்கம், இல்லையென்றால் தூத்துக்குடி–மணப்பாடு பக்கம் என்று பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ராமேஸ்வரத்தை ஏற்கெனவே பார்த்தவர்களுக்குத் தெற்குப் பாதியைத்தான் சொல்வேன்.

எப்படி வந்து சேர்வது?

சென்னையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு சேது எக்ஸ்பிரஸ், போட் மெயில் என்று இரவு ரயில்கள் உண்டு. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றபிறகு வண்டிகளெல்லாம் ராமநாதபுரம், மண்டபத்தோடு திரும்பிக்கொண்டிருந்தன. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்ததும் மறுபடி ராமேஸ்வரம் வரை ஓடுகின்றன. தூத்துக்குடிக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ், திருச்செந்தூருக்குச் செந்தூர் எக்ஸ்பிரஸ். ஒரு பக்கம் வந்து இறங்கி, மறுபக்கத்திலிருந்து ரயிலேறுவதுதான் சிக்கனமான வழி. விமானம் என்றால் மதுரை அல்லது தூத்துக்குடி வாகைக்குளம்.

நடுவில் ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிவரை கிழக்குக் கடற்கரைச் சாலை. கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் வழியாக அரசுப் பேருந்து போகிறது. சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இருந்தால் வழியில் நின்று நின்று போகலாம். இரண்டு பக்கமும் பனைமரம், உடைமரம், உப்பளம், இடையிடையே சட்டென்று கடல். கண்ணுக்கு எட்டிய தூரம் நிழல் இருக்காது. தண்ணீரை நிறைய வைத்துக்கொள்ளுங்கள்.

ராமேஸ்வரம் கோயிலில் தீர்த்தமாட எப்போது போவது?

அதிகாலையில். ஸ்படிக லிங்க தரிசனம் விடியுமுன் நடக்கும். அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் அதை முடித்துவிட்டு, பிறகு அக்னி தீர்த்தக் கடலில் முழுகி, கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களுக்கு வரலாம். ஒவ்வொரு கிணற்றடியிலும் வாளியோடு ஆள் நின்று இறைத்து ஊற்றுவார். ஈரத்துணியோடு மூலவர் சந்நிதிக்குப் போக விடமாட்டார்கள் என்பதால் மாற்றுத்துணி அவசியம். கல்தரை முழுக்க ஈரமாக இருக்கும். வயதானவர்களைக் கைப்பிடித்து அழைத்துப் போங்கள், சறுக்கி விழுபவர்கள் உண்டு.

மூன்றாம் பிரகாரத்தை மட்டும் தனியாக, கூட்டமில்லாத நேரத்தில், ஒருமுறை சுற்றி வாருங்கள். ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட தூண்கள். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டி, 18ஆம் நூற்றாண்டில் முடித்த வேலை. கல்லே கிடைக்காத இந்த மணல் தீவுக்கு அத்தனை கல்லையும் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

பாம்பன் பாலத்தில் இறங்கி நிற்கலாமா?

சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தக் கூடாது. எல்லோரும் நிறுத்துகிறார்கள் என்பது வேறு விஷயம். அதனால்தான் அங்கே எப்போதும் நெரிசல். பாலம் முடியும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடைபாதையில் நடந்து வாருங்கள்.

1988இல் திறந்த இந்தச் சாலைப் பாலத்தில் நின்றுதான் ரயில் பாலத்தைப் பார்க்க வேண்டும். பழைய பாலம் 1914 பிப்ரவரியில் திறந்தது. கப்பலுக்கு வழிவிட அதன் நடுப்பகுதி இரண்டு கையாகப் பிரிந்து மேலே எழும், ஆட்கள் நின்று நெம்புகோலைச் சுற்றித்தான் அதைத் தூக்குவார்கள். 1964 புயலில் சிதைந்த அந்தப் பாலத்தை 46 நாளில் சரிசெய்து காட்டியவர் பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டிய இ. ஸ்ரீதரன். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள தண்டவாளப் பகுதி லிஃப்ட் போல அப்படியே நேராக மேலே ஏறும். அது ஏறுவதைப் பார்க்க வாய்த்தால் விடாதீர்கள். கீழே விசைப்படகுகள் வரிசையில் காத்திருந்து ஒவ்வொன்றாகக் கடந்து போகும்.

தனுஷ்கோடியில் பார்க்க என்ன இருக்கிறது?

ஓர் ஊர் இருந்த இடம் இருக்கிறது. 1914இலிருந்து சென்னையில் ரயிலேறி தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து கொழும்புக்கு ரயில் பிடிக்கலாம் என்ற நிலை இருந்தது. துறைமுகம், ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம், மாதா கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் அடித்த புயலில், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653ஆம் எண் பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலில் போனது. ஊரும் போனது. குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ரயில் பாதை திரும்பப் போடப்படவே இல்லை. இன்றும் அங்கே மீனவக் குடும்பங்கள் ஓலைக் கொட்டகை போட்டு வாழ்கிறார்கள். சுற்றிலும் உப்பு நீராக இருக்கும் அந்த மணலில் கையால் தோண்டிய ஊற்றில் நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள்.

மாதா கோயிலின் சுவரருகே போய்ப் பாருங்கள். செங்கல்லுக்குப் பதிலாகக் கடலில் வெட்டியெடுத்த பவளப்பாறைக் கல். கையை வைத்தால் ஒவ்வொரு கல்லிலும் பூப்பூவாக அதன் துளைகள் தெரியும், உப்புக்காற்றில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூளாகி உதிர்ந்துகொண்டிருக்கிறது. அதில் பெயரைக் கீறி வைக்கிறவர்களைப் பார்த்தால் தயவுசெய்து தடுங்கள்.

2017இல் தீவின் கோடியான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது. அதற்கு முன்னால் மணலிலும் போகக்கூடிய வேன்களில்தான் போக முடியும். இப்போது கார், பஸ் எல்லாம் நேரே முனைவரை போகின்றன. முனையில் நின்றால் வழக்கமாக இடப்பக்கம் அடங்கிய கடல், வலப்பக்கம் ஆர்ப்பரிக்கும் கடல். உள்ளூர்க்காரர்கள் ஒன்றைப் பெண் கடல் என்றும் மற்றதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். இருட்டுவதற்குள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலை ஆறரை, ஏழு மணிக்குப் போய்விடுவதே என் பரிந்துரை. கடை திறந்திருக்காது, கூட்டமும் இருக்காது.

ஜனவரி முதல் மார்ச் வரை வழியில் இருக்கும் ஆழமில்லாத உப்புநீர்ப் பரப்பில் பூநாரைகள் இறங்கியிருக்கும். 2025இல் அந்தப் பகுதியைப் பூநாரை சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். சாலையிலிருந்தே பார்க்கலாம். கிட்டே போய்ப் படமெடுக்கிறேன் என்று சேற்றில் இறங்காதீர்கள். அவை கூட்டமாக எழுந்து பறப்பது நமக்கு அழகாக இருக்கலாம், ஆனால் நெடுந்தூரம் பறந்து வந்து இரை தேடும் பறவைக்கு அது வீண் அலைச்சல்.

தீவுகளுக்குப் போக முடியுமா?

மிக அதிகமாக வரும் கேள்வி இது. சுருக்கமான பதில்: குருசடைத் தீவுக்குப் போகலாம், மற்றவற்றுக்கு முடியாது.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி 21 தீவுகள். எல்லாமே சிறியவை, ஆளில்லாதவை, பவளப்பாறையின்மேல் மணல் சேர்ந்து உருவானவை. 1986இல் இவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்குவது குற்றம். "ரெண்டாயிரம் குடுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று படகுக்காரர் யாராவது சொன்னால் போகாதீர்கள். பிடிபட்டால் நீங்கள் ஊர் திரும்பிவிடலாம், அந்த மனிதரின் படகு போய்விடும்.

குருசடைக்கு, பாம்பனை ஒட்டிய குந்துகால் என்ற இடத்திலிருந்து வனத்துறையே படகு விடுகிறது. சிறிய படகு, குறைவான இடம். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குவது நல்லது. ஆழமில்லாத இடத்தில் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும்போது பவளப்பாறையும் கடற்புல்லும் மேலிருந்தே தெரியும். உலகமெங்கும் விலங்கியல் மாணவர்கள் படிக்கும் பலனோகுளோசஸ் என்ற புழு வாழும் இடமாகப் பாடப்புத்தகத்தில் பெயர் பெற்ற தீவு இதுதான். படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில், குந்துகாலிலேயே இருக்கும் விவேகானந்தர் நினைவு மண்டபத்தைப் பார்த்துவிடலாம். மேலைநாட்டுப் பயணம் முடிந்து 1897 ஜனவரி 26 அன்று அவர் பாம்பனில் வந்து இறங்கியபோது வரவேற்றவர் பாஸ்கர சேதுபதி.

மற்ற தீவுகளை ஏன் திறந்துவிடக் கூடாது? வருமானம் வருமே?

21 தீவுகளில் இரண்டு, விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும், ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததுதான் காரணம். பாறை போனால் அலையைத் தடுக்க எதுவும் இல்லை, மணல் கரைந்துவிடும். தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவும் அப்படித்தான் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் அதைச் சுற்றிக் கடலடியில் கான்கிரீட் கட்டமைப்புகளை இறக்கி நிறுத்திக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். இதற்கு நடுவில் 2010, 2016 ஆண்டுகளில் கடல் நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்து இறந்தன. இப்போதிருக்கும் நிலையில் ஒரு நாளைக்கு ஐந்நூறு பேர் இறங்கி நடந்தால் அந்தத் தீவுகள் தாங்காது. அவை மூடியிருப்பது எனக்கு முழு சம்மதம்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பாம்பன் சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இந்தத் தீவுகளின் ஓரத்தில் முங்கிப் பாசி எடுத்துப் பிழைத்தவர்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று ஒவ்வொன்றையும் பேர் சொல்லி அறிவார்கள். பாறை கீறாமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, நீந்த வசதியாகக் காலில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்குவார்கள். பூங்கா வந்த பிறகு அவர்களுக்குத் தடையும் அபராதமும் வந்தன. பாறையை வெட்டிச் சுண்ணாம்பாக்கியவர்களும் பாசி பறித்தவர்களும் ஒன்றல்ல. தீவைக் காப்பதில் அந்தப் பெண்களுக்குப் பங்கு கொடுப்பதே நியாயம் என்று நினைக்கிறேன். அந்த ஊர்ப் பக்கம் போனால் கரையில் பாசி உலர்த்திக்கொண்டிருப்பார்கள். படமெடுக்குமுன் "அக்கா, எடுக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கச்சத்தீவுக்குப் போகலாமா?

1974 ஒப்பந்தப்படி அது இலங்கையிடம் இருக்கிறது. சுற்றுலாவாகப் போக முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் பிப்ரவரி அல்லது மார்ச்சில், புனித அந்தோணியார் திருவிழாவுக்கு மட்டும் ராமேஸ்வரத்திலிருந்து படகுகள் போகும். முன்கூட்டியே பெயர் பதிவு செய்து, சரிபார்ப்பு முடிந்தவர்களுக்கே இடம். மீனவர் பிரச்சினை முற்றியிருக்கும் ஆண்டுகளில் போகாமல் நிறுத்தியதும் உண்டு.

கீழக்கரையில் என்ன விசேஷம்?

முதலில் பழைய ஜும்மா பள்ளிவாசல். முழுக்கக் கருங்கல் கட்டடம். தூண், போதிகை, கொடிக்கருக்கு எல்லாம் நம் ஊர்க் கோயில் சிற்பிகளின் கை. அதில் உருவங்களுக்குப் பதில் பூவும் கொடியும். உள்ளே போகவேண்டுமானால் தொழுகை நேரம் தவிர்த்து, வாசலில் இருக்கும் பெரியவர்களிடம் அனுமதி கேளுங்கள், மரியாதையான உடை போட்டுப் போங்கள். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று நாம் சொல்லும் அந்த வள்ளல் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஊர் இது. உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடத் துணைநின்றவர் அவர்.

அடுத்து, தொதல். அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி அல்லது சர்க்கரை சேர்த்துப் பெரிய உருளியில் மணிக்கணக்கில் கிண்டுவார்கள். தேங்காய்ப்பாலிலிருந்து எண்ணெய் பிரிந்து, கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும் பதத்தில் இறக்குவது. அல்வா மாதிரி இருக்கும், ஆனால் மெல்லும்போது தேங்காய் வாசனைதான் முன்னால் வரும். கருப்பட்டித் தொதலைக் கேட்டு வாங்குங்கள்.

கீழக்கரைக்குப் போகும் வழியில் திருப்புல்லாணி, கொஞ்சம் விலகினால் மரகத நடராஜர் இருக்கும் உத்தரகோசமங்கை. நடராஜர் ஆண்டு முழுதும் சந்தனக்காப்பில் இருப்பார், மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டுமே அதைக் களைவார்கள். ராமநாதபுரம் ஊருக்குள்ளேயே அரண்மனையில் ராமலிங்க விலாசம். 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் சுவர், கூரை எல்லாம் நிறைந்திருக்கின்றன. சேதுபதி தஞ்சை மராட்டியரோடு மோதிய போர்க்களம், ராமாயணம், அந்தப்புரம் எல்லாம் அதில் உண்டு. ராமேஸ்வரம் போகிற வண்டிகள் எல்லாம் இந்த ஊரைத் தாண்டித்தான் போகின்றன, ஆனால் உள்ளே நுழைகிறவர்கள் மிகக் குறைவு. ஒரு மணி நேரம் போதும்.

தூத்துக்குடியில் பார்க்க எதுவும் இல்லை என்கிறார்களே?

தொழிற்சாலைப் புகையும் லாரியும் மட்டும் கண்ணில் பட்டவர்கள் சொல்லும் பேச்சு அது. பழைய ஊர்ப் பகுதியில் காலையில் நடந்து பாருங்கள். பனிமய மாதா ஆலயம் 1713இல் கட்டி முடித்தது. உள்ளிருக்கும் மாதா சுரூபம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்ததாகச் சொல்வார்கள். ஆகஸ்ட் 5 திருவிழா. அன்று பரதவர் குடும்பங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் ஊர் வந்து சேரப் பார்ப்பார்கள். போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று மூவரும் ஆண்ட துறைமுகம். முத்துக்குளிப்புதான் அவர்களை இழுத்தது. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, கொழும்புக்குக் கப்பல் விட்டதும் இங்கிருந்துதான்.

பிறகு மக்ரூன். முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, பொடித்த முந்திரியைக் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் நெடுநேரம் உலர வைத்தது. நல்ல மக்ரூன் வாயில் வைத்ததும் 'மொறுக்'கென்று உடைந்து கரையும், நடுவில் லேசான பிசுபிசுப்பு இருக்கும். காற்றுப்பட்டால் நமுத்துப்போகும். ரயிலேறும் நாளில் வாங்கி, டப்பாவை இறுக மூடி வையுங்கள்.

முயல் தீவு என்று கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்தப் பெயரில் இரண்டு இடம் உண்டு. மண்டபத்துக்கு எதிரே இருப்பது, முசல் தீவு என்றும் சொல்வார்கள், பூங்காவுக்குள் வருவது, போக முடியாது. தூத்துக்குடி முயல் தீவு துறைமுகத்தை ஒட்டி, தரைவழியாகவே போகக்கூடியது, கலங்கரை விளக்கம் இருப்பது. காணும் பொங்கலன்று ஊரே சோறு கட்டிக்கொண்டு அங்கே போகும். மற்ற நாளில் அனுமதி உண்டா என்று உள்ளூரில் கேட்டுவிட்டுப் போங்கள்.

காயல்பட்டினம், கொற்கை?

காயல்பட்டினம் பழைய வணிக ஊர். மார்க்கோ போலோ எழுதிய காயல் இந்தக் கரையில் இருந்ததுதான். பள்ளிவாசல்களும், பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வர விட்ட முடுக்குகளும் கொண்ட அமைதியான ஊர். தெருவில் கேமராவை நீட்டிக்கொண்டு நடக்காதீர்கள். கொற்கை பாண்டியரின் துறைமுகம். தாமிரபரணி மண்ணைக் கொண்டுவந்து நிரப்ப நிரப்பக் கடல் விலகி, இன்று ஊர் பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. சங்க இலக்கியம் படித்தவர்கள் போய்ப் பார்க்கலாம். மற்றவர்கள் அந்த நேரத்தில் ஆதிச்சநல்லூர் போவது மேல்.

திருச்செந்தூருக்குத் தெற்கே போவது வீண் அலைச்சலா?

இந்தக் கரையின் மிக அழகான பகுதியே அங்கேதான் தொடங்குகிறது. குலசேகரன்பட்டினம், மணப்பாடு இரண்டும் திருச்செந்தூரிலிருந்து அரைமணி நேரத்துக்குள்.

குலசை முத்தாரம்மன் கோயிலைத் தசராவில் பார்க்க வேண்டும். விரதமிருந்து, காளி, குறவன், அரசன், குரங்கு என்று வேடம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி வந்து கோயிலில் சேர்ப்பார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். லட்சக்கணக்கில் கூட்டம். குழந்தைகளோடு வருகிறவர்கள் முதல் சில நாட்களில் வந்துவிட்டுப் போவது நல்லது. இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதும் இந்த ஊரில்தான்.

மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மணற்குன்று. அதன் உச்சியில் 1581இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம். புயலில் சிக்கி உடைந்த போர்த்துகீசியக் கப்பலின் பாய்மரத்தில் செய்த சிலுவையை இந்தக் குன்றில் நட்டார்கள் என்பது ஊர் வரலாறு. குன்றின் கடல் பக்கச் சரிவில் புனித சவேரியார் தங்கி ஜெபித்த குகை இருக்கிறது. மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் மணல் திட்டுக்குள் அடங்கிய உப்பங்கழி, அதில் நாட்டுப்படகுகள், அதற்கு அப்பால் ஓட்டுக் கூரையும் உயர்ந்த கோபுரங்களுமாக ஊர். செப்டம்பர் 14 திருவிழா. ஊருக்குள் பெண்கள் பனையோலையில் பெட்டி, கொட்டான் முடைகிறார்கள். நேரே அவர்களிடம் வாங்குங்கள், பேரம் வேண்டாம். தங்கும் விடுதி என்று பெரிதாக எதுவும் இல்லை. திருச்செந்தூரில் தங்கிக்கொண்டு மாலை நான்கு மணிக்கு வந்தால் சரியாக இருக்கும்.

திரும்பும் வழியில் வெளிச்சம் இருந்தால் தேரிக்காட்டைப் பாருங்கள். கடலை ஒட்டிய ஊரில் செக்கச்செவேல் என்று மணல்மேடு. நடுவே பனையும் கொல்லாமரமும் (முந்திரி).

சாப்பாடு எப்படி?

ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றி பெரும்பாலும் சைவம். மீனுக்குப் பாம்பன், மண்டபம் பக்கம் வாருங்கள். தட்டில் வைத்திருக்கும் மீனைப் பார்த்துச் சொல்லிப் பொரித்து வாங்கலாம். விலையை முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும். விலை கூடுதல், ஆனால் அன்றன்றைக்குப் பிடித்தது. தூத்துக்குடியில் இரவில் எண்ணெய்ப் புரோட்டாவும் சால்னாவும்.

பங்குனி, சித்திரையில் வந்தால் சாலையோரம் பதநீர் கிடைக்கும். பனையோலையை மடித்துப் பட்டை பிடித்துக் கொடுப்பார்கள், அதில் ஊற்றி, நுங்கைப் போட்டுக் குடிப்பது. காலை பத்து மணிக்குள் குடித்துவிடுங்கள். வெயிலேறினால் புளிக்கத் தொடங்கும்.

என்ன வாங்கலாம், எதை வாங்கக் கூடாது?

உடன்குடிக் கருப்பட்டி, சில்லுக்கருப்பட்டி, மணப்பாட்டு ஓலைப்பெட்டி, தூத்துக்குடி மக்ரூன், கீழக்கரைத் தொதல், வேண்டுமானால் நல்ல நெத்திலிக் கருவாடு. பவளப்பாறைத் துண்டு, கடற்குதிரை, கடல் அட்டை எதையும் வாங்காதீர்கள். எல்லாம் வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, கையில் வைத்திருப்பதே குற்றம். கரையில் பொறுக்கியதாக இருந்தாலும் பவளத்துண்டை அங்கேயே போட்டுவிடுங்கள். வலம்புரிச் சங்கு என்று மலிவாக யாராவது நீட்டினால் அது போலி என்றே எடுத்துக்கொள்ளலாம்.

கடலில் குளிக்கலாமா? சிறு பிள்ளைகள் வருகிறார்கள்.

அக்னி தீர்த்தத்தில் குளிக்கலாம், அலை கிடையாது. மண்டபத்துக்கு மேற்கே அரியமான் கடற்கரையிலும் ஆழம் குறைவு, சவுக்குத்தோப்பு நிழல் உண்டு. பிள்ளைகளுக்கு அதுதான் சரியான இடம். திருச்செந்தூரில் கூட்டத்தோடு கரையோரமாக மட்டும். அங்கே கடலுக்குப் பக்கத்திலேயே நாழிக்கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அரிச்சல்முனையிலும் மணப்பாட்டுக் குன்றின் அடியிலும் இறங்கவே கூடாது. இரண்டு இடத்திலும் மேலே பார்க்கச் சாதாரணமாக இருக்கும், காலுக்குக் கீழே மணலை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும். நீச்சல் தெரியும் என்பது அங்கே உதவாது. அரிச்சல்முனையில் காவலர் விசில் ஊதினால் உடனே மேலே வந்துவிடுங்கள்.